தமிழ் என் ஃபோல்டரில், மலையாளம் அவள் ஃபோல்டரில்

ஓய்வு பெற்றுவிட்ட என்னிடம், புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். புரோகிராம் எழுதுவது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு உங்கள் போனிலேயே ஆயிரம் வீடியோ கிடக்கிறது. நான் சொல்லப்போவது ஒரு சிக்கலைப் பற்றி. உங்களில் பாதிப் பேர் அதை இந்த வாரமே செய்து வைத்திருப்பீர்கள். கேட்டால், “என் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறதே” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். எனக்கு அந்த முகம் பழக்கம். நானும் கிரிஜாவும் அதே முகத்தோடு பல வருடம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தோம்.

கிரிஜா யார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வருவதற்கு வெகு முன்பே அவள் போய்விட்டாள். அமரவிளைக்காரி. நான் பாறசாலை. நெய்யாற்றின்கரையில் இப்போது நீங்கள் இருக்கும் கட்டடத்துக்கு மாறுவதற்கு முன்னால், துணிக்கடை ஒன்றின் மாடியில் நம் ஆபீஸ் இருந்தது. மழை பெய்தால் ஜன்னலை மூட வேண்டும். மூடினால் மூச்சு முட்டும். அங்கே இருந்துதான் பள்ளிக்கூடங்களுக்கான புரோகிராமைச் செய்தோம். நடுவில் ஒரு மூலப் புரோகிராம். அதன் மேல், எந்தப் பள்ளிக்கு எது வேண்டுமோ அதை மாட்டிக்கொள்ளும்படி ப்ளக்-இன்கள். அட்மிஷன் ப்ளக்-இன் என்னுடையது. பள்ளி பஸ்களைக் கவனிக்கும் ப்ளக்-இன் கிரிஜாவுடையது.

நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர்கள் இல்லை. நான் கல்யாணப் பத்திரிகையும் சபை நோட்டீசும் டைப் செய்கிற கடையிலிருந்து வந்தவள். தமிழ் எழுத்து ஸ்கிரீனில் கோணலாக வந்தால் எனக்குச் சோறு இறங்காது. கிரிஜா கோர்ட் பக்கத்தில் மலையாளம் டைப் செய்துகொண்டிருந்தவள். கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் நம் பக்கத்துப் பள்ளிகளுக்கு இரண்டும் வேண்டும். ஒரே வகுப்பில் ஒரு பிள்ளையின் வீட்டில் மலையாளம் வாசிப்பார்கள், அடுத்த பிள்ளையின் வீட்டில் தமிழ் வாசிப்பார்கள். அதனால் எல்லா ஸ்கிரீனிலும் இரண்டு மொழியும் வரவேண்டும் என்று முடிவு செய்தோம். செய்த விதம்தான் விசேஷம். தமிழ் ஃபான்ட் முழுக்க என் ஃபோல்டரில். மலையாள ஃபான்ட் முழுக்க அவள் ஃபோல்டரில். என் ஸ்கிரீனில் மலையாளம் காட்ட நான் அவள் ஃபோல்டரைத் திறப்பேன். அவள் பஸ் ஸ்கிரீனில் தமிழ் காட்ட என் ஃபோல்டரைத் திறப்பாள். தேதி தேர்ந்தெடுக்கிற காலண்டர் அவள் எழுதியது, எனக்கும் அதுதான். பட்டன்களும் சின்னச் சின்னப் படங்களும் நான் செய்தவை, அவளுக்கும் அவைதான்.

இதில் தப்பு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிற ஊர் இது. பேசும்போது எந்த வார்த்தை யாருடையது என்று யார் பார்க்கிறார்கள்?

இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால் ஒருத்தி ஒன்றைத் தொட்டால் மற்றவளிடம் கேட்க வேண்டும். கிரிஜா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வருவாள்.

“அக்கா, கலண்டருக்க கலரு மாத்தப் போறேன். ஒங்களுக்கு எங்கியாவது பொட்டுமா?”

பொட்டுவது என்றால் உடைவது. புரோகிராம் நின்றுபோனால் அப்படித்தான் சொல்வோம்.

“பொட்டினா நீ இங்கதானே இருக்க. வந்து ஒட்டு.”

“ஒட்டுவேன். ஆனா சாயை நீங்க வாங்கணும்.”

கேட்க வந்தவள் டீக் கிளாசோடு அப்படியே என் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றுவிடுவாள். அவள் மகளின் காலேஜ், என் மாமியாரின் முழங்கால், சபையில் யார் யாரோடு பேசவில்லை, அமரவிளையில் எந்த வீட்டில் புதிதாக மாடி எழும்புகிறது, எல்லாம் அங்கேதான். காலண்டர் கலர் மாற்றுவதற்கு ஒரு மத்தியானம் ஆகும். முதலாளி இருமிக்கொண்டே கடந்து போவார். அவர் இருமல் நோய் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவள் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து, நீயும் இங்கே வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். “இந்த அட்மிஷன் ஒண்ணு முடியட்டு” என்பாள் கிரிஜா. அது முடிந்தால் பரீட்சை, பரீட்சை முடிந்தால் அடுத்த அட்மிஷன். அவள் போய்விடக் கூடாது என்று எனக்கு இருந்தது. ஒருத்தியின் புருஷன் கூப்பிடும்போது போகாதே என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு சாயை வாங்கிக் கொடுத்தேன்.

இனி சிக்கலுக்கு வருகிறேன்.

மூலப் புரோகிராமில் ஒரு புது விதி வந்தது. ஒவ்வொரு ப்ளக்-இன்னும், தனக்கு முன்னால் எது எழுந்திருக்க வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். நல்ல விதிதான். நான் நியாயமாக, “பஸ் ப்ளக்-இன் முதலில் வரட்டும், அப்புறம் நான்” என்று எழுதினேன். அவளுடைய மலையாளமும் காலண்டரும் இல்லாமல் நான் என்ன செய்வேன்? கிரிஜாவும் நியாயமாக, “அட்மிஷன் ப்ளக்-இன் முதலில் வரட்டும், அப்புறம் நான்” என்று எழுதினாள். என் கம்ப்யூட்டரில் அவளுடைய பழைய பிரதி இருந்தது, அவள் கம்ப்யூட்டரில் என்னுடைய பழைய பிரதி. பழையவற்றில் அந்த வரி கிடையாது, அதனால் அவரவர் இடத்தில் எல்லாம் ஜோராக ஓடியது. எல்லாவற்றையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நாங்கள், இந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசவில்லை. பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள்தான் முதலில் என்பதில் எனக்கு என்ன சந்தேகம்? நான்தான் முதலில் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை.

கல்யாண வீட்டில் பந்தி வாசலில் இரண்டு பேர், “நீங்க முதல்ல இருங்க”, “இல்ல, நீங்க இருங்க” என்று நின்றால் பின்னால் வருகிறவன் சாப்பிட முடியுமா? அதுதான் நடந்தது. தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அட்மிஷன் தொடங்குகிற காலை, இரண்டு ப்ளக்-இன்னும் ஒன்றையொன்று எதிர்பார்த்து எழுந்திருக்காமல் கிடந்தன. ஸ்கிரீன் வெள்ளை. பள்ளி ஆபீசில் இருந்த டீச்சர் போன் செய்தார்.

“ஒண்ணும் வரல்ல கேட்டியளா. வெள்ளையா கெடக்கு. பொறத்த ஆளுவ பிள்ளையளையும் கொண்டு மழையில நிக்குது. நான் என்ன செல்லணும் இவங்ககிட்ட?”

முதலாளி எங்கள் நடுவில் வந்து நின்றார். “இது ஆருக்க வேலை?”

“எனக்கதாக்கும்” என்றேன். அதே நேரத்தில் கிரிஜாவும், “எனக்கதாக்கும்” என்றாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அந்த வரியை வெட்டிக் களயுங்க முதல்ல” என்று கத்தினார்.

கத்துகிறவர் சொல்வதை அந்த நிமிடமே செய்துவிடாதீர்கள். வரியை வெட்டினால் என் ஸ்கிரீன் எழுந்திருக்கும், சரி. பஸ் ப்ளக்-இன் வந்து சேர்வதற்கு முன்பே எழுந்திருக்கும், அதனால் மலையாளம் இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக வரும். மழையில் நனைந்து வந்த ஒரு அப்பாவின் முன்னால், அவர் பெயரும் வீட்டுப் பெயரும் கட்டங்களாகத் தெரிந்தால் அவர் கையெழுத்துப் போடுவாரா? நான் என்றால் போடமாட்டேன். முதலாளியை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கிரிஜாவின் மலையாள ஃபான்டையும் காலண்டரையும் அப்படியே பிரதியெடுத்து என் ஃபோல்டருக்குள் போட்டேன். பிறகு என் வரியை வெட்டினேன். கிரிஜா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனில் டீச்சர், “வந்தாச்சு, வந்தாச்சு” என்றார். முதலாளி இருமாமல் போனார்.

பிரதியெடுத்து ஒட்டுவதை நான் கேவலமாகப் பேச மாட்டேன். வாசலில் ஆள் நிற்கும்போது அதுதான் வழி. ஆனால் ஆள் போன பிறகும் அதை அப்படியே விட்டு வைக்கக் கூடாது. ஒரு எழுத்தை அவள் தன் பிரதியில் திருத்துவாள், என்னிடம் இருப்பது பழையபடியே கிடக்கும். கொஞ்ச நாளில் ஒரே பள்ளியில் ஒரே பிள்ளையின் பெயர் இரண்டு ஸ்கிரீனில் இரண்டு விதமாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கப் படுகிற பாட்டுக்கு, ஆரம்பத்திலேயே ஒழுங்காகச் செய்திருக்கலாம்.

முதலாளிக்கு வேறு ஒரு அவசரமும் இருந்தது. பஸ்ஸே இல்லாத சிறிய பள்ளிகள் அட்மிஷன் மட்டும் போதும் என்றன. பஸ்ஸைக் கழற்றினால் அட்மிஷன் மலையாளம் பேசாது என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? அதனால் மூன்றாவதாக ஒரு பொது ஃபோல்டர் போடலாம் என்று நான் சொன்னேன். ஃபான்ட், காலண்டர், பட்டன், படங்கள், எல்லாம் அதற்குள். எல்லா ப்ளக்-இன்னும் அதைத் தெரிந்து வைத்திருக்கலாம். அது மட்டும் எந்த ப்ளக்-இன்னின் பெயரையும் தெரிந்து வைத்திருக்கக் கூடாது.

கிரிஜா ஒத்துக்கொள்ளவில்லை.

“எனக்க கலண்டரு எனக்க கிட்டயே கெடக்கட்டு. ஒங்களுக்கு வேணும்னா வந்து எடுத்துக்கிடுங்க, இண்ணைக்கு வரைக்கும் எடுக்கல்லியா?”

“எடுத்துத்தானே மக்கா மழையில ஆளுவள நிறுத்தினோம்.”

“அது ஒரு வரிக்க குத்தம். கலண்டருக்க குத்தமா?”

“சவத்த விடு. ஒரு கலண்டருக்குப் போயி இத்தற வெப்ராளமா?”

வீண் பதற்றம் என்று நான் சொன்னதும் அவள் முகம் சுருங்கிப்போனது. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து சில நாள் என் மேஜைப் பக்கம் வரவில்லை. தான் எழுதியதைப் பிறர் தொடக் கூடாது என்கிற பிடிவாதம் என்றே நான் நினைத்தேன். உங்களில் பலருக்கும் அது உண்டு, அதனால் நினைத்தேன். எனக்கும் வீம்பு வந்தது. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். ருசிக்கவில்லை.

அவளிடம் கேட்காமலே பொது ஃபோல்டரை ஏறக்குறைய முடித்தேன். காலண்டரை அப்படியே தூக்கி அதற்குள் வைத்தேன். பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலம், பஸ்ஸுக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டவள் என் பின்னால் வந்து நின்றாள். ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் யோசித்தாள். அந்த யோசனை எதைப் பற்றி என்று எனக்கு அப்போது தெரியாது.

“அக்கா, நீங்க வச்சிருக்கது மாதிரி வச்சா பின்னயும் பொட்டும்.”

“என்னத்துக்குப் பொட்டும்?”

“கலண்டருக்க உள்ள ஒரு வரி கெடக்கு. பஸ் ஓடாத நாளு எதுன்னு அது பஸ் ப்ளக்-இன்கிட்ட போய்க் கேக்கும். கேட்டுட்டுத்தான் அந்த நாளை மங்கலாக் காட்டும். பொதுவுல கெடக்க சாதனம் ஒருத்தன்கிட்ட போய்க் கேட்டா அது பொதுவா? பஸ்ஸு இல்லாத பள்ளியில அது ஆருகிட்ட கேக்கும்?”

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

“கலண்டரு ஆருகிட்டயும் கேக்கப்பிடாது. தேவைப்பட்டவன் வந்து சொல்லட்டு. இந்த நாளு எனக்கு வேண்டாம்னு பஸ்ஸு வந்து சொல்லும். லீவு நாளை அட்மிஷன் வந்து சொல்லும். ஆரும் சொல்லல்லேன்னா அது சும்மா கலண்டராட்டு இருக்கும். மனசிலாச்சா?”

பிள்ளைகளே, நான் இந்தத் தொழிலில் கேட்ட மிக நல்ல யோசனை அதுதான். பொதுவில் இருப்பது யாரையும் தேடிப் போகக் கூடாது. தேவைப்படுகிறவர்கள் அதைத் தேடி வர வேண்டும். இந்த ஒன்றை விட்டால், ஒன்றையொன்று எதிர்பார்த்துக் கிடக்கிற அந்த வட்டம் பின்வாசல் வழியாக மறுபடியும் வந்துவிடும். பையைக் கீழே வைத்துவிட்டு அவளே உட்கார்ந்து அந்த வரியை எடுத்து மாற்றி எழுதினாள்.

அடுத்த நாள் சோதித்துப் பார்த்தோம். பஸ் ப்ளக்-இன்னைக் கழற்றினோம். அட்மிஷன் இரண்டு மொழியிலும் ஓடியது. அட்மிஷனைக் கழற்றினோம், பஸ் ஓடியது. நான் நாற்காலியில் இருந்தபடியே கையைத் தட்டினேன். கிரிஜா ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

“கொள்ளாம், நல்லாருக்கு” என்றாள்.

“கொள்ளாமா? இவ்வளவுதானா? ஒனக்க மூளையாக்கும் இது, சிரியேன் பிள்ளே.”

“இனி மஸ்கட்டுக்கு என்ன செல்லுவேன் அக்கா?”

நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அவரு கூப்பிடும்பம் எல்லாம் நான் என்ன செல்லுவேன் தெரியுமா? அக்காக்க ஸ்கிரீனுல மலையாளம் எனக்க கையிலயாக்கும், நான் வந்தா இவ்வளவு பள்ளிக்கூடமும் நின்னு போவும்னு செல்லுவேன். பொய்யொண்ணும் இல்ல, நேராக்கும். இப்பம் அது பொய்யாப் போச்சு.”

காலண்டருக்கு அவள் ஏன் அப்படிச் சண்டை போட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஒரு வரியைப் பற்றி அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நான் கவனித்திருக்க மாட்டேன். புரோகிராம் பொட்டியிருக்கும், அவள் இன்னும் ஒரு அட்மிஷன் வரை இருந்திருப்பாள். இருந்தும் சொன்னாள். வேலை தப்பாகக் கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன்? “புருஷன் கூப்பிடும்பம் போவணும்லா மக்கா” என்றேன். எல்லாரும் சொல்வது அதுதான். அவள் தலையாட்டினாள்.

பரீட்சை முடிந்ததும் போனாள். பஸ் ப்ளக்-இன் என் கைக்கு வந்தது. அவள் இல்லாத முதல் திங்கட்கிழமை, அவள் எழுதியதில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். எங்கேயாவது பொட்டுகிறதா என்று பார்த்தேன். பொட்டவில்லை. மறுபடியும் ஸ்கிரீனைத் திறந்தேன். தமிழ் வந்தது, மலையாளம் வந்தது, காலண்டர் வந்தது. ஒரு பிழையாவது வந்தால் போன் செய்து கேட்கலாமே என்று, வேலை இல்லாதவள் மாதிரி அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எதிர் மேஜைக் கம்ப்யூட்டரை யாரோ கவர் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

ஆகவே பொது ஃபோல்டர் வேண்டாம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. போடுங்கள், ஒழுங்காகப் போடுங்கள். அது யார் பெயரையும் தெரிந்து வைத்திருக்கக் கூடாது. அவசரத்தில் எடுத்த பிரதியை வாரம் தாண்ட விடாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவர் என்ன வரி எழுதுகிறார் என்று கேளுங்கள், ரொம்ப நெருக்கம் என்றால் இன்னும் கூடுதலாகக் கேளுங்கள். இதெல்லாம் நீங்கள் செய்துவிடுவீர்கள். என் கவலை வேறு. இப்போது யாரும் யாரையும் கேட்காமலே எல்லாம் ஓடுகிறது. அவரவர் மேஜையில் இருந்தபடியே பொது ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள். நான் ஓய்வு பெறும் முன்பு, உங்களுக்கு முன் சேர்ந்த இரண்டு பேர் ஒரே டீமில் ஒரு வருடமாக வேலை செய்தார்கள். ஒருவர் ஊர் மற்றவருக்குத் தெரியவில்லை. நான் கேட்டபோது, இருவருமே நெய்யாற்றின்கரைக்கு இந்தப் பக்கம்தான். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சாயை குடிக்கப் போய்விட்டேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் சால்வையும் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, கிரிஜா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் கூப்பிடுவாள், நலம் கேட்போம், வைத்துவிடுவோம். அன்று அவள் குரல் கொஞ்சம் கனத்திருந்தது.

“ஆபீஸை எல்லாம் ஏப்பிச்சாச்சா அக்கா?”

“ஏப்பிச்சாச்சு, பொறுப்பெல்லாம் குடுத்தாச்சு. புதுப் பிள்ளையளு நல்லாச் செய்யுது.”

“நம்ம பொது ஃபோல்டரு?”

“அப்படியேதான் கெடக்கு. இண்ணைக்கு வரைக்கும் ஒரு தடவை பொட்டல்ல. ஆரும் கையே வைக்கல்ல.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“ஒரு தடவையாவது பொட்டியிருக்கலாம், இல்லியா அக்கா?” என்றாள். “ஒண்ணு பொட்டியிருந்தா நான் டிக்கெட் எடுத்திருப்பேன்.”

“பொட்டல்லேன்னா வரப்பிடாதா மக்கா? எனக்கு ஒன்னைப் பாக்கணும்.”

“இது நீங்க அண்ணைக்கே செல்லியிருக்கப்பிடாதா?” என்றாள் கிரிஜா.

நான் போனைக் காதோடு வைத்தபடி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவளும் போனை வைக்கவில்லை.